தீர்ந்த பின்னும் தீராதது

நுழையும் முன்

கடிகாரம் முதல் கைப்பேசி வரை அன்றாட வாழ்வின் பெரும்பகுதியை ஓசையின்றி இயக்கி வருபவை மின்கலங்கள். அவை இயங்கும்வரை எவரும் அவற்றை நினைப்பதில்லை. நின்றுவிட்டாலோ, தூக்கி எறிவதோடு அவற்றின் கதை முடிந்ததாகக் கருதுகின்றனர். மின்கலம் எவ்வாறு இயங்குகிறது, அதன் வகைகள் யாவை, அது நின்றபின் என்னவாகிறது என்பவற்றை எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

தீர்ந்தது எது?

சுவர்க்கடிகாரத்தின் முள் நின்றுவிட்டால், 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று சொல்வது தமிழ் இல்லங்களில் வழக்கம். விளக்கில் எண்ணெய் தீர்கிறது. குடத்தில் நீர் தீர்கிறது. அடுக்களை டப்பாவில் பருப்பு தீர்கிறது. அவ்வரிசையில் பேட்டரியும் சேர்ந்துகொண்டது. எண்ணெயைப் போல மின்சாரமும் அந்தச் சிறிய உருளைக்குள் ஊற்றி வைக்கப்பட்டிருந்தது. சிறிது சிறிதாக வெளியேறி இப்போது காலியாகிவிட்டது என்பதே அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணம்.

அந்த எண்ணத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நன்கு மூடப்பட்ட மின்கலம் ஒன்றைப் புதிதாக இருக்கும்போதே நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது தீர்ந்தபின் மீண்டும் நிறுத்துப் பார்த்தால், கசிவு ஏதும் இல்லாதவரை இரண்டு எடைகளும் ஒன்றாகவே இருக்கும். காலியான எண்ணெய்ப் புட்டி இலேசாகிறது. காலியானதாகச் சொல்லப்படும் மின்கலம் இலேசாவதில்லை. உள்ளே இருந்த பொருள் எங்கும் போய்விடவில்லை. வேறொரு பொருளாக மாறியிருக்கிறது, அவ்வளவே.

மின்கலத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் இதுதான். அது மின்சாரத்தை நிரப்பி வைத்த பாத்திரமன்று. ஒன்றோடொன்று வினைபுரியக் காத்திருக்கும் பொருள்களை அருகருகே வைத்து, வேண்டும்போது மட்டும் வினைபுரியவிடும் ஒரு சிறு கூடம். தீர்வது அவ்வினை. பொருளோ தீர்வதில்லை. இவ்வேறுபாட்டைக் கண்டுணர அறிவியலுக்கே பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

தவளைக்காலும் உப்புநீர்த் துணியும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பொலோனியா நகரில் உடற்கூறியல் பேராசிரியராக விளங்கியவர் லூய்ஜி கால்வானி. ஒன்றோடொன்று இணைந்த இருவேறு உலோகங்களால், இறந்த தவளையின் நரம்பையும் தசையையும் தொட்டபோது அதன் கால் துடித்ததை அவர் கண்டார். உயிரினத்தின் உடலிலேயே மின்சாரம் உறைந்திருக்கிறது என்று கருதி, அதற்கு 'விலங்கு மின்சாரம்' எனப் பெயரிட்டு, 1791இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

அதே நாட்டின் பவியா நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அலெசாண்ட்ரோ வோல்டா, அவ்வாய்வை முதலில் வியந்து ஏற்றார், பின்னர் ஐயுற்றார். துடிப்புக்குக் காரணம் தவளையா, உலோகங்களா என்பது அவருடைய வினா. விடை தேடத் தம் நாவையே கருவியாக்கினார். இருவேறு உலோகங்களை நாவில் படும்படி வைத்து அவற்றை இணைத்தபோது, விந்தையான ஒரு சுவையை உணர்ந்தார். தவளை இல்லாமலேயே மின்சாரம் பாய்கிறது என்பது அவருக்கு உறுதியாயிற்று.

பின்னர் அவர், வெள்ளித் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் இணையிணையாக எடுத்து, ஒவ்வோர் இணைக்கும் இடையே உப்புநீரில் நனைத்த துணியையோ அட்டையையோ வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கின் இரு முனைகளையும் ஈரக்கைகளால் தொட்டவருக்கு மின்னதிர்ச்சி ஏற்பட்டது. தொடர்ந்து மின்னோட்டம் தரும் முதல் கருவி அதுவே. 1800 மார்ச் 20 அன்று, இலண்டன் ராயல் கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்சுக்கு எழுதிய கடிதத்தில் அதனை விளக்கினார். தனித்த ஒன்றை 'மின்கலம்' என்றும், பல கலங்கள் சேர்ந்ததை 'மின்கல அடுக்கு' என்றும் தமிழ் இன்று வழங்குகிறது. வோல்டாவின் கையில் உருவானதும் உண்மையிலேயே ஓர் அடுக்குத்தான்.

ஆயினும், வோல்டா ஒன்றைக் காணத் தவறினார். இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொள்வதே மின்சாரத்தின் ஊற்று என்று அவர் நம்பினார். தொடுகை தீரக்கூடியதன்று, ஆதலால் தம் அடுக்கின் ஆற்றலும் தீராதது என்று எண்ணினார். ஆனால், துத்தநாகத் தகடுகள் அரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 1830களில் மைக்கேல் பாரடே செய்த ஆய்வுகள், பாயும் மின்சாரத்தின் அளவுக்கும் மாற்றமடையும் பொருளின் அளவுக்கும் கணக்கான தொடர்பு உண்டு என்பதை நிறுவின. பொருள் மாறாமல் மின்சாரம் பிறப்பதில்லை. தீராத மின்கலம் என்ற கனவு அத்துடன் கலைந்தது. மின்கலத்தின் உண்மையான இயல்பு துலங்கியது.

இரு வழிப் பயணம்

மின்கலத்துக்கு இன்றியமையாத உறுப்புகள் மூன்று. எலக்ட்ரான்களைக் கொடுக்கும் எதிர்முனை, அவற்றைப் பெற்றுக்கொள்ளும் நேர்முனை, இரண்டுக்கும் இடையிலுள்ள மின்பகுளி என்பன அவை. துத்தநாகம் போன்றவை எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் இயல்புடையவை. மாங்கனீசு டைஆக்சைடு போன்றவை அவற்றை ஏற்கும் இயல்புடையவை. கொடுப்பதும் பெறுவதும் ஒரே இடத்தில் நேருக்கு நேராக நிகழ்ந்துவிட்டால், வெளிப்படும் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகும். அந்தக் கொடுக்கல் வாங்கலைச் சுற்றுவழியில் நடத்துவதில்தான் மின்கலத்தின் நுட்பம் அடங்கியிருக்கிறது.

இடையிலுள்ள மின்பகுளி அயனிகளுக்கு வழிவிடும், எலக்ட்ரான்களுக்கு வழிவிடாது. எனவே எலக்ட்ரான்கள் வெளியே உள்ள கம்பியின் வழியாகவே மறுமுனையை அடைய வேண்டும். அவ்வாறு செல்லும் வழியில் விளக்கை எரிக்கின்றன; கடிகார முள்ளை நகர்த்துகின்றன. அதே வேளையில் உள்ளே அயனிகள் நகர்ந்து மின்சுமைகளைச் சமன் செய்கின்றன. வெளிவழி, உள்வழி ஆகிய இரண்டில் எது அடைபட்டாலும் பயணம் நின்றுவிடும். பொத்தானை அணைப்பது வெளிவழியை அடைப்பதேயாகும்.

எலுமிச்சம்பழத்தில் துத்தநாக ஆணியையும் தாமிரக் கம்பியையும் செருகி மின்சாரம் எடுப்பது பள்ளிகளில் பரவலாகச் செய்து காட்டப்படும் சோதனை. அதைக் காணும் மாணவர் பலர் எலுமிச்சையே மின்சாரம் தருவதாக எண்ணிவிடுகின்றனர். பழத்தின் புளிப்புச்சாறு மின்பகுளி மட்டுமே. கரைந்து கரைந்து எலக்ட்ரான்களை விடுவிப்பது துத்தநாக ஆணிதான். ஆணியை நீக்கிவிட்டு மற்றொரு தாமிரக் கம்பியைச் செருகினால், பழம் எவ்வளவு சாறுள்ளதாக இருப்பினும் பயன் இராது.

பெரிய டார்ச் விளக்கின் தடித்த கலமும், தொலைக்காட்சி ரிமோட்டின் மெல்லிய கலமும் ஒரே 1.5 வோல்ட் மின்னழுத்தமே தருவது பலருக்கு வியப்பளிக்கும். மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது கலத்தின் பருமனன்று; உள்ளே இணைந்திருக்கும் பொருள்களின் இயல்பே. பருமன் கூடினால் மாறுவதற்குரிய பொருள் கூடுகிறது. அதனால் நெடுநேரம் உழைக்கிறது.

ஒருவழிக் கலங்கள்

ஒருமுறை பயன்பட்டதும் ஓய்ந்துவிடும் கலங்களை முதன்மை மின்கலங்கள் என்பர். இவற்றுள் நெடுங்காலமாகக் கடைகளில் கிடைப்பது துத்தநாகக் கரிக்கலம். 1866இல் பிரான்சு நாட்டின் ஜார்ஜ் லெக்லாஞ்சே, துத்தநாகம், மாங்கனீசு டைஆக்சைடு, நவச்சாரக் கரைசல் ஆகியவற்றைக் கொண்டு கலம் ஒன்றை அமைத்தார். அது திரவம் நிறைந்த கண்ணாடிக் குவளை, சாய்த்தால் சிந்தும். 1880களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அத்திரவத்தைப் பசைபோல் இறுகச் செய்து உலர் மின்கலமாக்கினார். சட்டைப்பையில் வைத்துச் செல்லும் விளக்குக்கு வழி பிறந்தது.

இவ்வகைக் கலத்தின் வெளிச்சுவரே துத்தநாகக் குவளையாகும். அச்சுவர்தான் எலக்ட்ரான்களையும் கொடுக்கிறது. கலம் உழைக்க உழைக்கச் சுவர் மெலிகிறது. ஒருநாள் துளைபட்டு உள்ளிருக்கும் பசை கசிகிறது. பயன்படாத டார்ச் விளக்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கலம், சுருள்வில்லைத் துருவேற்றிப் பாழாக்குவதன் காரணம் இதுவே.

காரக்கலம் எனப்படும் ஆல்கலைன் கலம் 1950களில் லூயிஸ் உர்ரி என்பவரின் முயற்சியால் வணிகப் பயனுக்குரிய வடிவம் பெற்றது. இதில் துத்தநாகம் தூளாக உள்ளே இருக்கிறது. எஃகு உறை வெளியே இருக்கிறது. மின்பகுளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மிகுதியான மின்னோட்டம் வேண்டும் கருவிகளில் இது கரிக்கலத்தைவிடப் பன்மடங்கு உழைக்கும். ஆனால், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும் சுவர்க்கடிகாரத்துக்கு விலை குறைந்த கரிக்கலமே போதும். எதற்கு எது என்று அறிந்து வாங்குவதே சிக்கனம். ஒரே கருவியில் பழைய கலத்தையும் புதிய கலத்தையும் சேர்த்துப் போடுதல் ஆகாது. புதியது செலுத்தும் மின்னோட்டம், முன்னரே ஓய்ந்துபோன பழையதன் வழியாகவும் பாய்ந்து அதனைக் கசியச் செய்யும்.

காது கேட்கும் கருவியில் பொருத்தப்படும் துத்தநாகக் காற்றுக்கலம் தனித்தன்மை வாய்ந்தது. அதன் நேர்முனைக்கு வேண்டிய ஆக்சிஜன் கலத்துக்குள் அடைக்கப்படுவதில்லை. சுற்றியுள்ள காற்றிலிருந்தே பெறப்படுகிறது. ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று புகுந்து வினை தொடங்குகிறது. மீண்டும் ஒட்டினாலும் அதன் தேய்வு நிற்காது. ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டே இருப்பதால், தீரத் தீர இதன் எடை கூடும்! தீர்தல் என்பது காலியாதல் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தெரியுமா?

நாணயம் போன்ற தட்டையான லித்தியம் கலங்களுள் ஒன்று சிஆர் 2032 என்று குறிக்கப்படுகிறது. அவ்வெண்ணில் 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம். 32 என்பது அதன் தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். 3 வோல்ட் தரும் இக்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயின் ஈரம் மின்சுற்றை நிறைவு செய்துவிடும். 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகும். உடனே மருத்துவமனைக்கு விரைவதே வழி. குழந்தைகள் உள்ள இல்லத்தில் இக்கலங்களை அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

திரும்பி வரும் கலங்கள்

மின்சாரம் தரும்போது நிகழும் மாற்றத்தை, மின்சாரம் செலுத்திப் பின்னோக்கித் திருப்ப முடியுமானால், அதே கலத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். இவற்றைத் துணை மின்கலங்கள் என்பர். 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய காரீய அமிலக் கலம் இவ்வகையில் முதலாவது. காரீயம், காரீய டைஆக்சைடு, நீர்த்த கந்தக அமிலம் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு கலங்கள் அடுத்தடுத்து இணைந்து 12 வோல்ட் மின்கல அடுக்காகின்றன. பேருந்தை உயிர்ப்பிப்பதும், மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் வழியாக மின்விசிறியைச் சுழற்றுவதும் இதுவே.

மின்சாரம் தரும்போது இதன் இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆற்றல் குன்றிய நிலையிலேயே நெடுநாள் போட்டுவைத்தால், அந்தச் சல்பேட்டு கடினமான படிகங்களாக இறுகித் திரும்ப மறுத்துவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரி எழாமற்போவதற்கு இது ஒரு காரணம். நீர் குறையும் வகைகளில் வாலைவடிநீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்நீரில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

நிக்கல் காட்மியக் கலம் 1899இல் சுவீடனின் வால்டெமார் யுங்னரால் உருவாக்கப்பட்டது. காட்மியம் நச்சுத்தன்மை உடையதாதலால், பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் அதனிடத்தை நிக்கல் உலோக ஹைட்ரைடு கலமும் லித்தியம் அயனிக் கலமும் பிடித்துக்கொண்டன.

கைப்பேசியையும் மின்சார வண்டியையும் இயக்குவது லித்தியம் அயனிக் கலம். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையின் ஆக்சைடு அடுக்குகளிலிருந்து வெளியேறி, எதிர்முனையின் கிராஃபைட்டு அடுக்குகளுக்கிடையே புகுந்து தங்குகின்றன. மின்சாரம் தரும்போது தாய்வீடு திரும்புகின்றன. இவ்வகைக் கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஸ்டான்லி விட்டிங்காம், ஜான் குட்எனஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்எனஃபின் அகவை 97. நோபல் பரிசு பெற்றவர்களுள் மிகவும் மூத்தவர் அவரே.

அயனிகளின் இப்பயணமும் இழப்பற்றதன்று. ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு லித்தியம் வழியிலேயே சிக்கிக்கொள்கிறது. வெப்பம் அவ்விழப்பை விரைவுபடுத்துகிறது. கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றுவதும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்வதும் அதன் ஆயுளைக் குறைக்கும். இதன் மின்பகுளி எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. உப்பிப்போன லித்தியம் கலத்தைக் குத்துவதும் அழுத்துவதும் தீயை அழைப்பதற்கு ஒப்பாகும்.

காரைக்குடியில் ஒரு கொடை

மின்வேதியியலுக்கெனத் தனி ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்மண்ணில் அமைந்ததற்குப் பின்னால் ஒரு கொடைவரலாறு உண்டு. விடுதலை பெற்ற இந்தியா அறிவியல் நிறுவனங்களை எழுப்பத் தொடங்கிய காலத்தில், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் வழங்கினார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. மின்கலங்கள், உலோக அரிமானம், மின்முலாம் பூசுதல் முதலிய துறைகளில் அது ஆய்ந்து வருகிறது. வறண்ட நிலப்பகுதியில் அன்று விதைத்த அறிவுக்கொடை, இன்றைய மாணவர் சென்று பயிலக்கூடிய தொலைவில் நிற்கிறது.

எறிந்தபின் எங்கே?

பொருள் தீர்வதில்லை என்பது மின்கலத்தின் இயக்கத்தை விளக்கும் உண்மை மட்டுமன்று. அது பொறுப்பை உணர்த்தும் உண்மையுமாகும். குப்பைத்தொட்டியில் விழுந்ததும் மின்கலம் மறைந்துவிடுவதில்லை. அதனைத் தொடும் கை மாறுகிறது, அவ்வளவே. வீட்டார் விரல்நுனியால் எறிந்ததைத் தூய்மைப் பணியாளர் கையால் அள்ளிப் பிரிக்கிறார். குப்பையோடு குப்பையாகக் கலந்த லித்தியம் கலம் வண்டியில் நசுங்கித் தீப்பற்றினால், அத்தீயின் அருகில் நிற்பவரும் அவரே.

காரீயத்தின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. பழைய காரீய பேட்டரிக்கு விலை உண்டு. ஆதலால் அது பெரும்பாலும் வீதியில் கிடப்பதில்லை. முறையான ஆலையில் உருக்கப்பட்டால் அதன் காரீயம் மீண்டும் புதிய பேட்டரியாகும். உரிமமற்ற கொட்டகையில் கோடரியால் பிளந்து திறந்த உலையில் உருக்கினாலோ, அமிலம் மண்ணில் இறங்கும். காரீயத்தூள் காற்றில் பரவும். அது வளரும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். காரீயத்தைப் பொறுத்தவரை, தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயன் முடிந்தபின் மட்டுமன்றி, பயன் தொடங்குமுன்னரும் இக்கதை உண்டு. லித்தியம் அயனிக் கலங்கள் பலவற்றுக்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்ட அளவு காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டி எடுக்கப்படுகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் சிறுவர்களும் உழைப்பது பலமுறை பதிவாகியுள்ளது. ஓராண்டு கூடுதலாக உழைக்கும் ஒரு கைப்பேசி, புதிதாகத் தோண்டப்படும் மண்ணைச் சிறிதேனும் குறைக்கிறது.

இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. எல்லா வகை மின்கலங்களையும் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள்மீது அவ்விதிகள் சுமத்துகின்றன. குறுக்குக்கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் மின்கலத்தின்மீது அச்சிடப்படுவதும், வீட்டுக்குப்பையோடு அதனைச் சேர்க்கலாகாது என்பதை உணர்த்தவே. ஆயினும், விதியும் படமும் அடுக்களைவரை வந்து எவர் கையையும் பிடிப்பதில்லை. எஞ்சியதை அந்தக் கைகளே செய்ய வேண்டும்.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. தீர்ந்த கலங்களுக்கென வீட்டில் ஒரு நெகிழிப் புட்டியை ஒதுக்கலாம். லித்தியம் கலங்களின் முனைகளில் ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தால், அவை ஒன்றையொன்று தொட்டுச் சூடேறுவதைத் தவிர்க்கலாம். பழைய காரீய பேட்டரியை, கூடுதலாக நூறு ரூபாய் கிடைக்கிறது என்பதற்காக வழிப்போக்கரிடம் விற்காமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். சேர்ந்த சிறு கலங்களை மின்னணுக்கழிவு திரட்டும் இடத்தில் ஒப்படைக்கலாம். பள்ளியிலேயே அத்தகைய பெட்டி ஒன்றை வைக்க மாணவர்கள் முன்வந்தால், பல வீடுகளின் மேசை அறைகளில் முடங்கிக் கிடக்கும் கலங்கள் வழி காணும்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது தமிழர் பழமொழி. வீணாவதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று வலியுறுத்திய முன்னோர், ஆற்றில் போடத்தகாத பொருளொன்று ஒவ்வொரு வீட்டிலும் நிறைந்திருக்கும் காலம் வரும் என எண்ணியிருக்க மாட்டார்கள். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அப்பழமொழி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அளப்பதோடு, அது யார் கையில் போய்ச் சேரும் என்றும் கேட்டறிந்த பின்னரே மின்கலத்தைக் கைவிட வேண்டும்.